மருந்தும் நஞ்சும்: ஓர் ஆராய்ச்சி மாணவியின் வரலாறு



மருந்தியல், நச்சியல் என்னும் இரு துறைகளைப் பற்றி இன்று பேச முற்பட்டிருக்கும் நான் வைத்தியனும் அல்லேன், இரசாயனவியலாளனும் அல்லேன். வரலாறும் தமிழும் கற்றுப் பட்டம் பெற்று, அரசினர் பாடசாலையொன்றின் அதிபராகக் கடமையாற்றுபவன். எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தினுள் நான் காலடி வைப்பது பெரும்பாலும் உடைந்துபோன சோதனைக் குழாய்களின் கணக்கைச் சரிபார்ப்பதற்காகவே. அத்தகைய ஒரு நாளில் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு வினா விடுத்தான். மாணவர்கள் ஆராய்ச்சி என்ற பெயரிற் செய்யும் வேலைகளினால் உலகில் எவருக்கேனும் பயன் விளைந்ததுண்டா, அல்லது ஆசிரியர் கையொப்பமிட்டு அலுமாரியில் அடுக்கி வைப்பதோடு அவற்றின் பணி முடிந்துவிடுகிறதா என்று கேட்டான். அவ்வினாவிற் குறும்பும் இருந்தது, நியாயமும் இருந்தது. அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அதன் பின்னர் கிடைத்த நூல்களைத் தேடிப் படித்தேன். அப்படிப்பின் பயனே இவ்வுரை.

விடை தேடுவோர்க்கு முதலில் எதிர்ப்படுபவை புகழ்பெற்ற பெயர்களாகும். 1869 ஆம் ஆண்டிற் பேர்லின் நகரில் வைத்திய மாணவராயிருந்த பவுல் லங்கர்ஹான்ஸ், சதையி என்னும் உறுப்பினுள்ளே சிறு தீவுகளைப் போன்ற கலக்கூட்டங்கள் கிடப்பதைக் கண்டு எழுதிவைத்தார். அவை எதற்காக உள்ளன என்பதை அவரால் அறிய முடியவில்லை. அத்தீவுகள் சுரக்கும் இன்சுலினை 1921 ஆம் ஆண்டில் ரொறன்ரோ நகரிலே வைத்தியர் பான்ரிங்குடன் சேர்ந்து பிரித்தெடுக்க உழைத்த சார்ள்ஸ் பெஸ்ற், அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்திருந்த 22 வயது இளைஞர். 1916 ஆம் ஆண்டில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மக்லீன் என்ற வைத்திய மாணவர், குருதியை உறையச் செய்யும் பொருளொன்றைத் தேடப்போய், உறைவதைத் தடுக்கும் பொருளைக் கண்டார். ஹெப்பாரின் என்னும் மருந்தின் தொடக்கம் அதுவே.

இவை மாணவருக்குச் சொல்வதற்கு ஏற்ற கதைகள்தாம். ஆயினும் என் மாணவனின் வினாவுக்கு இவை முழு விடையாகா என்று எனக்குத் தோன்றிற்று. ஆயிரத்தில் ஒருவருக்கே இன்சுலின் வாய்க்கும். மற்றைய 999 பேரும் செய்த வேலை எங்கே போயிற்று? ஆகவே புதிய மருந்து எதனையும் கண்டுபிடியாத மாணவி ஒருவரின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். பிரான்சிஸ் ஒல்டம் என்பது அவர் பெயர். பிற்காலத்தில் உலகம் அவரைப் பிரான்சிஸ் கெல்சி என்று அறிந்தது.

கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வன்கூவர்த் தீவில் 1914 ஆம் ஆண்டிற் பிறந்தவர் அவர். மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்திற் பயின்று, 1935 ஆம் ஆண்டில் மருந்தியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். பொருளாதார மந்தத்தினால் தொழில் கிடைப்பது அரிதாயிருந்த காலம் அது. சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் மருந்தியற் பகுதியொன்றைப் புதிதாக அமைத்துக்கொண்டிருந்த பேராசிரியர் கைலிங் என்பவருக்கு அவர் விண்ணப்பம் எழுதினார். விரைவிலேயே பதில் வந்தது. ஆராய்ச்சி உதவியாளர் பதவியும் கலாநிதிப் பட்டத்துக்கான உதவிப்பணமும் உண்டு, உடனே வருக என்று எழுதியிருந்தது. ஆனால் கடிதம் ஒல்டம் என்ற ஆடவர் ஒருவருக்கு எழுதப்பட்டதாக இருந்தது. பிரான்சிஸ் என்னும் பெயர் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மாறினால் ஆணின் பெயராகிவிடும். பேராசிரியர் அவ்வெழுத்தைக் கவனித்திலர் போலும்.

நேர்மையான அம்மாணவி தாம் ஒரு பெண் என்று எழுதி விளக்க வேண்டுமோ எனத் தம் பழைய ஆசிரியரைக் கேட்டார். வீண் வேலை வேண்டாம், கையொப்பத்தின் அருகே செல்வி என்று அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டுப் போய்ச் சேர் என்று அவர் கூறினாராம். 1936 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவர் சிக்காகோவிற் போய்ச் சேர்ந்தார். பெயர் பெண்ணுடையதென்று தெரிந்திருந்தால் தமக்கு அவ்விடம் கிடைத்திருக்குமோ என்று, முதுமையிலும் அவர் ஐயுற்றதுண்டு. எங்கள் நாட்டிலும் விண்ணப்பங்களின் பெயரைப் பார்த்துத் தீர்ப்புக் கூறும் வழக்கம் முற்றாக ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

கைலிங் அவருக்குக் கொடுத்த முதல் வேலை திமிங்கிலங்களின் கபச்சுரப்பியைப் பற்றியது. அமைதியாக நடைபெற்ற அவ்வாராய்ச்சியின் நடுவே, 1937 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் வேறொரு வேலை வந்து குறுக்கிட்டது. அதனை விளங்கிக்கொள்வதற்கு நாம் மற்றொரு மாணவரிடம், இருபத்தொன்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1908 ஆம் ஆண்டில் வியன்னா நகரிலே பவுல் கெல்மோ என்ற மாணவர் தம் கலாநிதிப் பட்ட ஆராய்ச்சிக்காகச் சல்பனிலமைட் என்னும் வெண்ணிறத் தூளை முதன்முதலாகத் தயாரித்தார். ஆராய்ச்சி முடிந்தது, பட்டம் கிடைத்தது, தூள் மறக்கப்பட்டது. என் மாணவன் சொன்ன அலுமாரிக்குள் அது கால் நூற்றாண்டுக்கு மேல் கிடந்தது எனலாம். 1935 ஆம் ஆண்டில் ஜேர்மனியிற் டோமாக் என்பவர் புரொன்டோசில் என்ற சிவப்புச் சாயப் பொருள் கொடிய கிருமிகளை வெல்வதை வெளியிட்டார். அதே ஆண்டில் பாரிசிலுள்ள பாஸ்டர் நிலையத்தார், அச்சாயம் உடலினுள்ளே உடைந்து சல்பனிலமைட் ஆகிறதென்றும், நோயைத் தீர்ப்பது அப்பகுதியே என்றும் காட்டினர். அக்காலத்தில் தொண்டை நோயும் பிரசவக் காய்ச்சலும் குருதி நஞ்சாதலும் மனிதரைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுசென்றன. கெல்மோவின் தூள் அவற்றுக்கு எதிராகக் கிடைத்த முதற் பேராயுதமாயிற்று. அதற்கு அப்போது எவரும் உரிமை கொண்டாட முடியாதிருந்தமையால், விரும்பிய கம்பனிகளெல்லாம் அதனைத் தயாரித்து விற்றன. அது மலிவாகவும் கிடைத்தது.

ஆனால் அத்தூள் நீரில் எளிதிற் கரைவதில்லை. குளிசையை விழுங்க முடியாத குழந்தைகளுக்கு எவ்வாறு கொடுப்பது? அமெரிக்காவின் ரெனெசி மாநிலத்தில் மாசென்கில் என்ற மருந்துக் கம்பனி, இத்தூளைக் கரைக்கவல்ல திரவமொன்றைத் தேடிற்று. டைஎதிலீன் கிளைக்கோல் என்னும் திரவத்தில் அது நன்கு கரைவதைக் கம்பனியின் தலைமை இரசாயனவியலாளர் கண்டார். அத்திரவம் நிறமற்றது, சற்று இனிப்பானது, தொழிற்சாலைகளிற் பயன்படுவது. இராஸ்பெரிப் பழச் சுவையூட்டி, 240 கலன் பாணி மருந்து தயாரித்தனர். அதன் நிறம், மணம், சுவை ஆகிய மூன்றையும் சோதித்தனர். அதனை உட்கொண்டால் உயிருக்கு என்ன நேரும் என்பதை மட்டும் சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் கேட்கவும் இல்லை. அத்திரவம் விலங்குகளுக்குத் தீங்கு செய்வதைக் குறிப்பிடும் கட்டுரைகள் சில அதற்கு முன்னரே விஞ்ஞான ஏடுகளில் வெளிவந்திருந்தன. அவற்றையும் கம்பனியார் தேடிப் பார்க்கவில்லை. 1937 செப்டெம்பரிற் போத்தல்கள் நாடெங்கும் சென்றன.

ஒக்ரோபர் மாதத்தில் ஒக்லஹோமா மாநிலத்தின் துல்சா நகரத்து வைத்தியர்கள் விபரீதமொன்றைக் கண்டனர். தொண்டை நோவுக்காக மருந்து குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீர் அற்றுப்போயிற்று. கடும் வயிற்று வலியும் வாந்தியும் மயக்கமும் தொடர்ந்தன, பின்னர் மரணம். அவர்கள் அமெரிக்க வைத்தியச் சங்கத்துக்குத் தந்தி அடித்தனர். சங்கத்தின் இரசாயன ஆய்வுகூடம் சிக்காகோவிலேயே இருந்தது. மருந்தில் நூற்றுக்கு 72 பங்கு டைஎதிலீன் கிளைக்கோல் என்று அங்கே கண்டனர். ஆயினும் ஒரு வினா எஞ்சிற்று. கொன்றது எது? புதிய மருந்தாகிய சல்பனிலமைட்டா, அதனைக் கரைத்த திரவமா, இரண்டும் சேர்ந்ததனால் உண்டான வேறேதேனுமா? மருந்தே குற்றவாளி என்று முடிவாகியிருந்தால், பல்லாயிரம் தாய்மாரையும் குழந்தைகளையும் காப்பாற்றிக்கொண்டிருந்த அரிய மருந்தொன்று கைவிடப்பட்டிருக்கும். விடை கூறும் பொறுப்பு கைலிங்கின் பகுதிக்கு வந்தது.

கைலிங் தம் மாணவருக்கும் உதவியாளருக்கும் வேலையைப் பங்கிட்டார். முறை மிக எளியது. எங்கள் மாணவர் பாடப்புத்தகத்திற் படிக்கும் முறையே அது. விலங்குகளைப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கம்பனியின் பாணி மருந்தையும், ஒரு பிரிவுக்குத் திரவத்தை மட்டும், இன்னொரு பிரிவுக்குச் சல்பனிலமைட்டை மட்டும் கொடுத்தனர். எலிகளைக் கவனிக்கும் பணி செல்வி ஒல்டமுக்குக் கிடைத்தது. எவ்வெலி எவ்வளவு உட்கொண்டது, எப்போது சோர்ந்தது, எப்போது சிறுநீர் நின்றது, எப்போது இறந்தது என்று பார்த்துக்கொண்டிருப்பதே அப்பணி. இறந்தவற்றின் சிறுநீரகங்களை நோயியலாளர் அறுத்துப் பார்த்தனர். விடை விரைவிலேயே தெளிவாயிற்று. திரவம் பெற்ற பிரிவுகள் மடிந்தன. மருந்தை மட்டும் பெற்றவை பிழைத்தன. கொலையாளி கரைதிரவமே.

இங்கே சற்று நிற்க விரும்புகிறேன். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள வேற்றுமை அளவே என்று பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வைத்தியர் பராசெல்சுசும் எழுதினார். இரண்டும் உண்மையே. ஆனால் துல்சா நகரத்துத் தாய்மார் அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தவர்கள் அல்லர். வைத்தியர் எழுதிய கரண்டிக் கணக்கை ஒரு துளியும் மீறாது கொடுத்தவர்கள். பழமொழி அறிவு அவர்களைக் காப்பாற்றியிருக்க மாட்டாது. போத்தலுக்குள் இருப்பது இன்னது என்பதை அவர்களுக்கு முன்னரே வேறொருவர் அறிந்திருக்க வேண்டும். அவ்வேறொருவரின் வேலையைத்தான், காலங்கடந்த பின்னர், சிக்காகோவில் மாணவர் செய்துகொண்டிருந்தனர்.

இதற்கிடையில் உணவு மருந்து நிர்வாகத்தினர் போத்தல்களைத் தேடி நாடெங்கும் புறப்பட்டனர். வெளிக்களத்திற் கடமையாற்றிய பரிசோதகரும் இரசாயனவியலாளரும் ஏறக்குறைய எல்லோருமே, 239 பேர், இப்பணியில் ஈடுபட்டனர். கம்பனி முதலில் அனுப்பிய தந்திகளில் மருந்தைத் திருப்பி அனுப்புக என்றிருந்ததேயன்றி, உயிராபத்து என்ற சொல் இருக்கவில்லை. அதிகாரிகள் வற்புறுத்திய பின்னரே இரண்டாம் தந்தி சென்றது. விற்பனை முகவர் ஒருவர் சிறையிலிடப்பட்ட பின்னர்தான் தாம் எங்கெங்கே விற்றார் என்று வாய் திறந்தார். மருந்துச்சாலைப் பட்டியல்களைப் புரட்டியும், வீடு வீடாகச் சென்றும், கல்லறைகளை விசாரித்தும் 240 கலனில் 234 கலனும் ஒரு பைந்தும் மீட்கப்பட்டன. மீட்கப்படாத ஆறு கலனுக்குக் குறைந்த அளவை உட்கொண்டவர்கள் 353 பேர் எனக் கைலிங்கும் அவருடைய சகாவும் கணக்கிட்டனர். அவர்களில் 105 பேர் இறந்தனர். 34 பேர் குழந்தைகள். 240 கலனும் விற்பனையாகியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

நீதி எவ்வாறு வழங்கப்பட்டது என்பதைக் கேட்டால் வியப்படைவீர்கள். நஞ்சை மருந்தென்று விற்றது அந்நாட்டின் 1906 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமாகவில்லை. அம்மருந்துக்கு எலிக்சிர் என்று பெயர் சூட்டியிருந்தனர். எலிக்சிர் என்றால் மதுசாரம் கலந்திருக்க வேண்டும். அதில் மதுசாரம் இல்லை. ஆகவே பெயர் பிழை. இக்குற்றத்துக்காகவே கம்பனி 26,100 டொலர் தண்டம் செலுத்திற்று. கரைசல் என்று பெயரிட்டிருந்தால் அத்தண்டமும் இல்லை. மருந்தைக் கலந்த தலைமை இரசாயனவியலாளர் வழக்கு முடிவதற்கு முன்னரே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். துல்சா நகரத்துத் தாய் ஒருவர் ஆறு வயது மகளை இழந்த துயரைச் சனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு எழுதி, சிறுமியின் படத்தையும் இணைத்து அனுப்பினார். காங்கிரசிலே ஐந்தாண்டுகளாக இழுபட்டுக்கொண்டிருந்த சட்டமூலம் 1938 ஆம் ஆண்டு ஜூன் 25 ஆந் திகதி சட்டமாயிற்று. புதிய மருந்து எதனையும் விற்குமுன் அது தீங்கற்றது என்பதற்குச் சான்று காட்ட வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது.

அதே 1938 ஆம் ஆண்டிற் பிரான்சிஸ் ஒல்டம் கலாநிதிப் பட்டம் பெற்றார். தொடர்ந்து சிக்காகோவிலேயே பணியாற்றினார். இரண்டாம் உலகப் போரில் யாவாத் தீவு யப்பானியர் கைக்குச் சென்றபோது உலகின் கொயினா வரத்துத் தடைப்பட்டது. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் இலங்கையைச் சூறையாடிய மலேரியாக் கொள்ளைநோயைப் பற்றி எங்கள் பெற்றோர் சொல்லக் கேட்டவர்களுக்குக் கொயினாவின் அருமையை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மாற்று மருந்து தேடும் ஆராய்ச்சியில் அவரும், பின்னர் அவர் கணவராகிய பிரமொன்ட் எலிஸ் கெல்சியும் ஈடுபட்டனர். அப்போது முயல்களில் ஒரு செய்தியைக் கண்டனர். வளர்ந்த முயலின் ஈரல் கொயினாவை விரைவாக உடைத்துவிடுகிறது. கருவுற்ற முயலில் அவ்வாற்றல் குறைவு. கருவிலுள்ள முயற்குட்டிக்கோ அவ்வாற்றல் இல்லவே இல்லை. தாய்க்குத் தீங்கு செய்யாத ஒன்று வயிற்றிலுள்ள சேய்க்குத் தீங்கு செய்யலாம் என்பது இதனாற் பெறப்படும். தாயிடமிருந்து சேய்க்கு மருந்து செல்லாது என்று பல வைத்தியர்கள் நம்பிய காலத்திற் பெற்ற அறிவு அது. மலேரியாவைத் தீர்க்கும் மருந்தை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. அக்கட்டுரையும் அலுமாரிக்குச் சென்றது.

இனி 1960 ஆம் ஆண்டுக்கு வருவோம். இடையில் வைத்தியப் பட்டமும் பெற்று, இரு பெண் குழந்தைகளுக்குத் தாயுமாகிவிட்ட கலாநிதி கெல்சி, அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் வாஷிங்டன் நகரத்து உணவு மருந்து நிர்வாகத்திற் சேர்ந்தார். 1937 ஆம் ஆண்டிற் போத்தல்களைத் தேடி அலைந்த அதே நிர்வாகம். அடுத்த மாதமே, அவர் புதியவராகையால் எளியதொன்றைக் கொடுப்போம் என்று கருதியோ என்னவோ, தூக்க மருந்தொன்றின் விண்ணப்பம் அவர் மேசைக்கு வந்தது. தலிடோமைட் என்பது அதன் பெயர். 1957 ஆம் ஆண்டு முதல் மேற்கு ஜேர்மனியில் வைத்தியர் சீட்டு இன்றியே விற்கப்பட்டு வந்தது. பல நாடுகளிற் புகழ் பெற்றிருந்தது. கருவுற்ற தாய்மாரின் காலை மயக்கத்துக்கும் உகந்ததென்றனர்.

அன்றைய சட்டத்தில் ஒரு வழுவிருந்தது. விண்ணப்பம் கிடைத்து 60 நாள்களுக்குள் நிர்வாகம் தடை கூறாவிடின், மருந்து தானாகவே அனுமதி பெற்றுவிடும். கெல்சி அம்மையார் ஒவ்வொரு முறையும், தந்த சான்றுகள் போதா, மேலதிக விவரம் தருக என்று எழுதினார். ஒவ்வொரு கடிதத்துடனும் நாட்கணக்குப் புதிதாகத் தொடங்கிற்று. எலிகளுக்கு எவ்வளவு கொடுத்தாலும் அவை சாவதில்லை என்று கம்பனி பெருமையாகக் கூறியிருந்தது. மற்றவர்க்கு அது பாதுகாப்பின் சான்று. எலிகள் சாவதை நாள்தோறும் பார்த்திருந்த ஒருவருக்கோ அதுவே ஐயத்துக்கு இடமாயிற்று. மனிதனை உறங்கச் செய்யும் மருந்து எலியை உறங்கச் செய்யவும் இல்லையாயின், அது எலியின் உடலிற் சேர்கிறதா? சேராதாயின், எலி பிழைத்திருப்பது மனிதனைப் பற்றி எதனைச் சொல்கிறது? கம்பனியின் பிரதிநிதிகள் கடிதமாகவும் நேரிலும் தொலைபேசியிலும் ஏறக்குறைய 50 முறை நெருக்கினர், மேலதிகாரிகளிடம் முறையிட்டனர். அவர் மேலதிகாரிகள் அவருக்குத் துணை நின்றனர் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லா அலுவலகங்களிலும் நடக்கும் காரியமன்று அது.

1961 பெப்ரவரியில், பிரித்தானிய வைத்திய ஏடொன்றிலே ஸ்கொத்லாந்து வைத்தியர் ஒருவர் எழுதிய சிறு கடிதம் அவர் கண்ணிற் பட்டது. இம்மருந்தை நெடுநாள் உட்கொண்ட சிலரின் கைகால்களில் உணர்ச்சி கெட்டு நரம்பு நோய் உண்டாகிறது என்பதே செய்தி. வளர்ந்தவரின் நரம்பைக் கெடுப்பது கருவிலுள்ள சேயை என்ன செய்யும் என்று அவர் வினவினார். முயற்குட்டிகளின் பழைய ஆராய்ச்சி அவர் மனத்தில் இருந்தது. கருவுற்றோர்க்குத் தீங்கில்லை என்பதற்குச் சான்று தருக என்று மே மாதத்தில் எழுத்திற் கேட்டார். அத்தகைய சான்று கம்பனியிடம் இருக்கவில்லை.

அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் ஹம்பேர்க் நகரத்துக் குழந்தை வைத்தியர் லென்ஸ் உண்மையை வெளியிட்டார். அவுஸ்திரேலியாவிலே மக்பிரைட் என்பவரும் அவ்வாறே அறிவித்தார். தாய் கருவுற்ற ஆரம்ப வாரங்களில் இம்மருந்தை உட்கொண்டால் குழந்தை கைகளின்றி, கால்களின்றிப் பிறந்தது. உலகெங்கும் 10,000 க்கு மேற்பட்ட குழந்தைகள் இவ்வாறு பாதிக்கப்பட்டனர். பலர் பிறந்து சில நாள்களுள் இறந்தனர். கெல்சி அம்மையாரின் தாயகமான கனடாவில் மருந்து அனுமதிக்கப்பட்டிருந்தது. அங்கே நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள். அமெரிக்காவில் அவர் அனுமதி கொடுக்கவில்லை. ஆயினும் பரிசோதனை என்ற பெயரிற் கம்பனி ஆயிரத்துக்கு மேற்பட்ட வைத்தியர்களிடம் 25 இலட்சம் குளிசைகளைப் பகிர்ந்திருந்தது. அதனாலும் வெளிநாட்டிற் பெற்ற மருந்தாலும் அந்நாட்டில் 17 குழந்தைகள் பாதிப்புற்றன. 1962 மார்ச்சிற் கம்பனி விண்ணப்பத்தை மீளப் பெற்றது.

1962 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 7 ஆந் திகதி சனாதிபதி கென்னடி அவருக்கு உயர் விருதளித்தார். ஒக்ரோபரிற் புதிய சட்டம் கையொப்பமானபோது அவரும் அருகே நின்றார். மருந்து தீங்கற்றது என்பதோடு பயனுள்ளது என்பதையும் நிறுவ வேண்டும், பரிசோதிக்கப்படும் நோயாளியின் சம்மதம் பெற வேண்டும் என்பன அதன் விதிகள். தானாக அனுமதி கிடைக்கும் பழைய வழியும் அடைக்கப்பட்டது.

பத்திரிகைகள் அவரை வீராங்கனை என்று போற்றின. அப்புகழ்ச்சியில் ஒரு சிறு பிழையுண்டு என்று நான் கருதுகிறேன். தலிடோமைட் குழந்தைகளைச் சிதைக்கும் என்பதை அவர் கண்டுபிடிக்கவில்லை. அதனைக் கண்டவர் வேறு நாடுகளில் இருந்தனர். அவர் செய்ததெல்லாம், தெரியாததைத் தெரியும் என்று எழுதிக்கொடுக்க மறுத்தமையே. 1937 ஆம் ஆண்டில் மாசென்கில் கம்பனியின் ஆய்வுகூடத்தில் ஒருவர் அவ்வாறு மறுத்திருந்தால் 105 பேர் பிழைத்திருப்பர். அம்மறுப்பைக் கெல்சி அம்மையார் எங்கே கற்றார் என்று கேட்டால், எலிக்கூடுகளின் முன்னே என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. அவர் கண்ட விடை அன்று ஒரு வழக்குக்கு உதவிற்று. பார்த்துக்கொண்டிருந்த பழக்கம் இருபத்துமூன்று ஆண்டுகளின் பின்னர் உதவிற்று.

இதனை என் மாணவனிடம் சொன்னேன். அப்படியானால் இருபத்துமூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டுமா என்று கேட்டான். வியன்னாவின் கெல்மோ அதனினும் நீண்டகாலம் காத்திருந்தார் என்றேன். அவனுக்கு அது ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை.

கலாநிதி கெல்சி 2005 ஆம் ஆண்டில், தம் தொண்ணூறாம் வயதிலேயே ஓய்வு பெற்றார். 2015 ஓகஸ்ட் 6 ஆந் திகதி கனடா நாட்டின் உயர் விருதை ஒன்ராறியோ மாநிலத்தின் துணை ஆளுநர் அவருடைய வீட்டுக்கே கொண்டுவந்து அளித்தார். மறுநாள் அவர் காலமானார். வயது 101.

அவர் மாணவியாகக் கவனித்த திரவமோ இன்னும் ஓயவில்லை. பாணி மருந்துகளிற் கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கோல் ஆகிய தீங்கற்ற திரவங்கள் சேர்க்கப்படுவது வழக்கம். அவற்றைவிட மலிவானது டைஎதிலீன் கிளைக்கோல். பார்வைக்கும் சுவைக்கும் வேற்றுமை இல்லை. பேராசை கொண்ட வணிகன் ஒருவன் பீப்பாயின் சீட்டை மாற்றுவதும், மருந்து செய்பவன் பீப்பாயைச் சோதியாது விடுவதும் சேர்ந்தால் போதும். 1990 ஆம் ஆண்டையொட்டி நைஜீரியாவிலும் வங்காளதேசத்திலும், 1995, 1996 ஆம் ஆண்டுகளில் ஹெயிட்டியிலும், 2006 ஆம் ஆண்டிற் பனாமாவிலும் இது நடந்தது. 2022 ஆம் ஆண்டில் மேற்கு ஆபிரிக்காவின் காம்பியா நாட்டிலே குறைந்தது 66 குழந்தைகள் இறந்தனர். அதே ஆண்டில் இந்தோனேசியாவிலே இருநூறுக்கு மேற்பட்டோர். 2025 ஒக்ரோபரில், தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்திற் செய்யப்பட்ட இருமல் மருந்தொன்றில் இத்திரவம் இருப்பது கண்டறியப்பட்டது. மத்தியப் பிரதேசத்தில் அதனைக் குடித்த குழந்தைகள் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்திருந்தனர். ஒவ்வொரு முறையும் முதற் குறி ஒன்றே: காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து குடித்த குழந்தைக்குச் சிறுநீர் நின்றுபோகிறது.